நாஞ்சில் நாட்டில் பழுது தேடும் தொழில்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும், நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய குமரி மாவட்டத்தில் தொலைபேசிக் கம்பியின் வரலாறு பெரிதும் ஈரத்தோடு நடந்த போராட்டத்தின் வரலாறாகும். தாளால் உறையிட்ட பழைய செம்புக் கேபிளிலும், அதன் பின் வந்த ஜெல்லி நிரப்பிய கேபிளிலும், இணைப்பு மூட்டுகளின் வழியே நீர் இறங்கினால் பேச்சில் இரைச்சல் கலக்கும். இரு கம்பிகள் தொட்டுக்கொண்டால் இணைப்பே செத்துவிடும். எக்ஸ்சேஞ்சில் எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் எம்.டி.எஃப். சட்டகம், தெருமுனைப் பில்லர், வீடுகளுக்கு இணைப்பைப் பிரித்துத் தரும், கம்பத்தின் மேலுள்ள டி.பி. பெட்டி ஆகிய ஒவ்வொன்றிலும் இணைப்பைப் பிரித்து, பழுது எந்தப் பக்கம் நிற்கிறது என்று லைன்மேன் சோதித்தார். கம்பியின் மின்தடையை அளந்து பழுதின் தொலைவைக் கணக்கிடும் முறையும் இருந்தது. வழியைப் பாதியாக வெட்டி இரு பக்கமும் கேட்பதே இத்தொழிலின் அடிப்படை விதி. ஒளியிழை வந்த பின்னும் அவ்விதி மாறவில்லை.

கண்ணாடி இழைவழி ஒளியால் நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்ப முடியும் என்று சார்லஸ் காவ் 1966இல் நிறுவினார். இந்தியாவின் முதல் ஒளியிழை இணைப்பு 1979இல் புனேயில் அமைந்தது. தொடக்கத்தில் எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே மட்டும் ஓடிய இழை பின்னர் வீடுகள் வரை வந்தது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்பதால் இடிமின்னலும் ஈரமும் செம்பைப் படுத்தியதைப் போல இழையைப் படுத்துவதில்லை. அவற்றின் இடத்தைத் தூசியும், கூர்மையான வளைவும், சாலை தோண்டும் இயந்திரமும் பிடித்துக்கொண்டன.

இழையின் முனையில் நின்று தரவை உரிய திசைக்குப் பிரித்தனுப்பும் கருவியாகிய ஸ்விட்ச், மின்துடிப்பை மட்டுமே அறியும். அதை லேசர் ஒளியாக்கி இழையில் அனுப்புவதும், வரும் ஒளியை மீண்டும் மின்துடிப்பாக்குவதும் விரலளவுள்ள டிரான்ஸீவர் மாட்யூலின் வேலை. 1990களின் ஜிபிக் வகையை, 2000இல் பல உற்பத்தியாளர்கள் கூடி வகுத்த சிறிய எஸ்.எஃப்.பி. வகை மெல்ல விலக்கியது. தான் அனுப்பும் ஒளி, பெறும் ஒளி, வெப்பம், மின்னழுத்தம் ஆகியவற்றைத் தானே அளந்து சொல்லும் திறன் பின்னர் மாட்யூல்களில் பரவியதை இத்தொழிலின் பெரிய திருப்பம் எனலாம், ஏனெனில் லைன்மேன் கம்பமேறி அறிந்ததை இப்போது திரையிலேயே படிக்க முடிகிறது. ஒளியின் வலிமை டிபிஎம் என்ற அலகில் தரப்படுகிறது: சுழியம் என்பது ஒரு மில்லிவாட், ஒவ்வொரு 3 குறைவும் ஏறத்தாழப் பாதி.

நாகர்கோவிலில் ஒன்றும் சுசீந்திரத்தில் ஒன்றுமாக, 10 கி.மீ. எட்டும் இரு மாட்யூல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒருமுனை அனுப்பும் ஒளி -6 என்று சரியாக இருக்க, மறுமுனையில் -25 மட்டுமே வந்தால், குற்றம் பெரும்பாலும் இடைவழியிலோ இணைப்பு முனையிலோ இருக்கும். -40 என்று காட்டினால் ஒளியே வரவில்லை என்று பொருள். இழையின் உட்கரு சுமார் 9 மைக்ரோமீட்டர் தான், ஒரு துகள் தூசியே அதை மறைத்துவிடும். ஆகவே மாட்யூலை மாற்றுவதற்கு முன் முனையைத் துடைப்பதே முறை. ஒற்றை இழையில் இருபுறமும் பேசும் மாட்யூல் வகையில், ஒருமுனை 1310 நானோமீட்டரில் அனுப்பினால் மறுமுனை அதைப் பெறும் இணை வகையாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வகையானால் இணைப்பு எழாது. பிற நிறுவன மாட்யூலை ஏற்க மறுக்கும் ஸ்விட்ச்களும் உண்டு. எஞ்சிய ஐயத்தைத் தீர்க்க, அனுப்பும் துளையையும் பெறும் துளையையும் குறுகிய இழையால் இணைத்து மாட்யூலைத் தன்னோடே பேசவைக்கலாம், ஆனால் 80 கி.மீ. செல்லும் மாட்யூலில் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் இல்லாமல் இதைச் செய்தால் பெறுமுனை கெட்டுவிடக்கூடும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் ரப்பர் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபோது, மாவட்டத்தில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. எந்தச் சோதனைக்கும் முன் கம்பத்தை நிமிர்த்தியாக வேண்டியிருந்தது. 2022இல் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் பணி இம்மாவட்டத்தின் முத்தலக்குறிச்சியில் தொடங்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2020 ஜனவரி இறுதியில், விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லின் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் பணியை விட்டு விலகினர். செம்புக் காலத்திலும் ஒளிக் காலத்திலும் வேலை பார்த்த அத்தலைமுறையின் அனுபவத்தை, நினைவு மங்கும் முன், மாவட்டத்தின் கல்லூரிகள் வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்ய வேண்டும்.