நெறி கட்டினால் உம்மும்மா ஏன் பயந்தார்?

மாளிகாவத்தையில் வெறுங்காலோடு ஓடித் திரிந்த வயது. காலில் ஆணி குத்தினால் இரண்டாம் நாள் தொடையிடுக்கில் ஒரு கட்டி எழும்பும். உம்மும்மா தொட்டுப் பார்த்து, "நெறி கட்டியிரிக்கி மகன்" என்பார். மற்ற வீடுகளில் அது சாதாரண விஷயம். எங்கட வீட்டில் மட்டும் அவர் முகம் மாறிவிடும்.

காரணம் பிந்தித்தான் தெரிந்தது. உம்மும்மா கைக்குழந்தையாக இருந்த 1914இல், பழைய சோனகத் தெருவில் அவருடைய மூத்த ராத்தா நெறி கட்டி, காய்ச்சல் கண்டு, சில நாட்களில் மௌத்தானார். "அந்தப் புள்ளட ஒடம்புல பெலமில்ல" என்றே குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். அந்தப் பேச்சு நியாயமானதா?

1914இல்தான் கொழும்புக்குள் பிளேக் நுழைந்தது. தானியத்தோடு எலியும், எலியோடு தெள்ளும் துறைமுகம் வந்தன. கொழும்பு மாநகர நுண்ணுயிரியலாளர் ஹேர்ஸ்ட், எல்லா எலித்தெள்ளும் ஒன்றல்ல என்று காட்டினார். ஒரு வகை நோயை நன்றாகக் கடத்தும், இன்னொரு வகை அவ்வளவாகக் கடத்தாது. ஆக, யாரைப் பிளேக் பிடித்தது என்பதை முதலில் தீர்மானித்தவை எலியும் தெள்ளுமே.

கடிபட்ட பிறகு உடம்புக்குள் நடப்பது என்ன? நம் பிறவியோடு வரும் நிர்ப்பீடனம் ஒன்றுண்டு. முன்பின் அறியாத கிருமியையும் அது சில மணி நேரத்துக்குள் எதிர்க்கும். முதல் மதில் தோல். அதைத் தாண்டியதைத் தின்குழியங்கள் விழுங்கும். 1882இல் மெச்னிகோவ் என்ற ரஷ்ய அறிஞர் சிசிலியின் மெசீனாவில், கண்ணாடிபோன்ற நட்சத்திரமீன் குடம்பிக்குள் ரோஜா முள்ளைச் செருகி, குழியங்கள் முள்ளைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். அந்த வழி ஆய்வுக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்காவலர்களுக்குக் கிருமியின் பெயர் தெரியாது. அதன் மேலுறையில் இருக்கும் பொது அடையாளங்களே தெரியும். காயத்திலிருந்து வடிந்து வரும் கிருமியை நிணநீர்க்கணு மறித்து நிறுத்தும்போது அது வீங்கும். அதுதான் நெறி. ஆணி குத்திய பிள்ளைக்கு நெறி கட்டுவது உடம்பு வேலை செய்கிறது என்பதன் அறிகுறி.

பிளேக் பற்றீரியா இந்த ஏற்பாட்டையே ஏமாற்றுகிறது. தெள்ளின் குளிர்ந்த உடம்பில் ஒரு வடிவத்தில் இருக்கும் அதன் மேலுறைக் கொழுப்பு, மனித உடம்பின் 37 பாகைச் சூட்டில் மாறிவிடும். காவலர்கள் அடையாளம் காணத் தவறுகிறார்கள். விழுங்க வரும் குழியத்துக்குள் ஊசிபோன்ற அமைப்பால் புரதங்களைச் செலுத்தி, விழுங்கும் ஆற்றலையே முடக்கிவிடும். விழுங்கப்பட்டாலும் சில கிருமிகள் உள்ளேயே உயிர் பிழைக்கும். பிறகு நிணநீர்க்கணுவை அடைந்து அங்கே பெருகும். மறிக்க வேண்டிய இடம் கிருமியின் பாசறையாகிறது. உம்மும்மாவின் ராத்தாவுக்குக் கட்டிய நெறி இந்த நெறி. நல்ல தேகக்கட்டுள்ள வாலிபரையும் அது விடவில்லை. அன்றைக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்தும் கிடையாது. இன்று நேரத்தோடு மருந்து கொடுத்தால் பிளேக்கைக் குணப்படுத்தலாம்.

நம் முன்னோர் இந்த வீக்கத்தை அறிந்தே இருந்தார்கள். இப்னு ஹஜர் அஸ்கலானி தாஊனைப் பற்றியே 'பத்லுல் மாஊன்' என்ற நூலை எழுதினார். அவர் தம் பெண்மக்களைத் தாஊனுக்குப் பறிகொடுத்த தகப்பனும் கூட. தாஊனில் இறந்தவர் ஷஹீத் என்று ஹதீஸ் சொல்கிறது. மார்க்கம் இப்படி மதித்த மௌத்தைத்தான் எங்கட குடும்பம் பெலவீனம் என்று சொல்லி வந்தது.

கொரோனா காலத்திலும் யாராவது மௌத்தானால், "அவருக்கு எதிர்ப்புச் சக்தி இல்ல" என்று லேசாகச் சொன்னோம். சொன்னவர்களில் நானும் ஒருவன். கிருமியின் தந்திரம் தெரியாமல், போனவர்மீது குறை சொல்லியிருக்கிறோம்.

உம்மும்மா இன்று இல்லை. மாளிகாவத்தை மையவாடிக்குப் போய் அவருக்காகக் கையேந்தும்போது, பெயர் தெரியாத அந்த ராத்தாவையும் சேர்த்துத் துஆவில் நினைக்கிறேன்.