குழி எண்ணினா போதும்

29-ஐ ரோமன் எண்ணா மாத்தணும்னா, 20-க்கு எக்ஸ், எக்ஸ். மிச்ச 9-க்கு 'பத்துல ஒண்ணு குறைவு', அதாவது ஐ, எக்ஸ். சின்னது முன்னாடி நின்னா கழிக்கணும். பழைய தமிழ் எண்ல அதே இடத்துல பெருக்கணும்: ௨௰ன்னா இருபது, கூட ௯ போட்டா ௨௰௯. பூஜ்யமே தேவைப்படல. (யூனிகோடில் தமிழ்ச் சுழியம் சேர்ந்ததே 2005-லதான்!)

இதே 29 தர்மபுரி அருங்காட்சியகத்துல ஒரு கல்லுல இருக்கு மக்களே. 13-ஆம் நூற்றாண்டு, அதியமான் பெருவழியில நின்ன கல். நாவல்தாவளத்துக்கு 29 காதம்னு வெட்டியிருக்காங்க. அதுக்குக் கீழதான் விஷயமே: 2 பெரிய குழி, 9 சின்னக் குழி. பெரிசு பத்து, சின்னது ஒண்ணு. கழித்தலும் இல்ல, பெருக்கலும் இல்ல. எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கருக்காகத்தான் குழின்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இருட்டுல தடவிப் பார்த்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தோணுது.

ரோமானியர் மட்டும் எப்பவும் கழிச்சாங்களா என்ன? கொலோசியத்தோட 44-ஆவது வாசல்ல 40-ஐ ஐம்பதுலேர்ந்து கழிச்சு எழுதிட்டு, பக்கத்துலயே 4-க்கு நாலு கோடு போட்டிருக்காங்க. ரோமன் எண் போட்ட பல சுவர்க் கடிகாரங்கள்லயும் 4 இன்னிக்கும் அப்படித்தான்.