விளிம்பில் ஒட்டிய தங்கம்

தங்கத்துக்கும் கண்ணாடிக்கும் ஒட்டுறவு கிடையாது. எதனோடும் லேசில் சேராத குணம்தான் தங்கத்துக்கு மதிப்பைத் தந்தது. அதே குணம் ஐரோப்பியக் கண்ணாடிக் கலைஞர்களைப் பல தலைமுறைகள் அலைக்கழித்தது. எண்ணெய் வார்னிஷ் தடவி, தங்க ரேக்கை ஒட்டிய மதுக்கிண்ணம் பிரபுக்களின் விருந்து மேசையில் ஜொலித்தது. நாலு தடவை கழுவியதும் உதடு படுகிற விளிம்பில் வெறும் கண்ணாடி எட்டிப் பார்த்தது. கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கும் வாய்க்கும் எட்டக் கூடாது என்றால் தங்கத்தை எங்கேதான் வைப்பது?

1679-ல் யோஹான் குங்கல் என்ற ஜெர்மானிய ரசவாதி தன் கண்ணாடி நூலில் விநோதமான வழி ஒன்றை எழுதி வைத்தார்: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கிளாஸ், நடுவில் அலங்காரம். எழுதுவதற்கென்ன? சுமார் ஐம்பது வருடம் கழித்துத்தான் பொஹீமியாவின் கைவினைஞர்கள் அந்த வித்தையில் கைதேர்ந்தார்கள். உள் கிளாஸின் வெளிப்புறத்தை, விளிம்பில் ஒரு வளையம் மட்டும் விட்டுத் தேய்த்து மெலிதாக்கினார்கள். அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டி, ஊசிமுனையால் வேட்டைக் காட்சிகளையும் புனிதர்களையும் கீறினார்கள். வெளி கிளாஸை உறையாக மாட்டி, பிசினால் அடைத்தார்கள். அளவு துளி பிசகினாலும் இரண்டும் பொருந்தாது. ஒரு கிளாஸுக்கு இரண்டு கிளாஸின் வேலை. போதாததற்குப் பிசின் விட்ட இடத்தில் ஈரம் வேறு புகுந்தது. 1750-களில் இந்த மோகம் அடங்கியது. ஒளித்து வைத்துப் பயனில்லை என்றால், மிச்சம் இருந்தது நெருப்புதான்.

நெருப்பு வித்தை பீங்கான் பட்டறைகளில் இருந்தது. தங்க ரேக்கைத் தேன் விட்டு அரைத்துப் பூசி, சூளையில் சுட்டார்கள். நன்றாகவே பிடித்தது. ஆனால் வெளியே வந்த தங்கம் மங்கிக் கிடக்கும். அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் பளபளப்பை வரவழைக்க வேண்டும். லண்டனில் நீலக் கண்ணாடிக் குப்பிகளில் தங்கப் பூக்கள் வரைந்து பெயர் வாங்கிய ஜேம்ஸ் ஜைல்ஸின் சரக்கு, 1774 மார்ச்சில் கிறிஸ்டி ஏலத்துக்கே வந்துவிட்டது. அழகுக்குக் குறைவில்லை, விலைதான் கட்டுப்படியாகவில்லை. விடை வந்ததோ, தங்கம் செய்யப் போய்த் தோற்ற ஒருவரால் பிறந்த தொழிற்சாலையிலிருந்து.

ஈயத்தைப் பொன்னாக்குவேன் என்று வாய்விட்ட பட்டகர் என்ற இளைஞரைச் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் காவலில் வைத்திருந்தார். பொன் வரவில்லை, பீங்கான் வந்தது. 1710-ல் மைசென் கோட்டையில் பீங்கான் ஆலை எழுந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1820-களின் கடைசியில், அதே ஆலையின் ஹைன்ரிக் கூன் தங்கத்தை ராஜதிராவகத்தில் கரைத்தார். கந்தகம் கரைந்த டர்பன்டைனில் அதைச் சேர்த்தார். கிடைத்தது கஷாயம் மாதிரி ஒரு பழுப்புத் திரவம். அதைத் தூரிகையால் தீட்டிச் சூளையில் வைத்தார்கள். வெளியே எடுத்தபோது, கல்லே படாமல் கண்ணைப் பறித்தது தங்கம்! ஆலை வாயைத் திறக்கவில்லை. ஆனால் ரகசியத்துக்கும் ஆயுள் உண்டே.

1850 வாக்கில் பாரீஸின் துயுத்தேர் சகோதரர்கள் இதே மாதிரித் திரவத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமே உள்ள இந்த ஏடு, பழைய தேன் தங்கத்தைவிடச் சீக்கிரம் தேயும். எந்தத் தேய்மானத்துக்கு மருந்து தேடினார்களோ, அது தீரவே இல்லை. தீர்ந்தது விலைதான். துளித் தங்கத்தில் டஜன் கணக்கில் கிளாஸ்களுக்குக் கோடு இழுக்க முடிந்தபோது, தேய்ந்தால் என்ன, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

கல்யாணப் பரிசாக வரும் ஜூஸ் கிளாஸ் செட்டிலும், விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த டீ கப்பிலும் ஓடுகிற மஞ்சள் கோடு, பெரும்பாலும் கூன் காய்ச்சிய கஷாயத்தின் வாரிசுதான். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் அது படபடவென்று பொறி விடுவதும் இதனால்தான்: அத்தனை மெலிந்த பிறகும் அது உலோகம்.