இடமும் உருபும்: ஆங்கில வாக்கியம் நடந்து வந்த வழி

தாயகம் விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் மாலை வேளையில் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தை ஆங்கில இலக்கண நூலை விரித்து வைத்துக்கொண்டு, எழுவாய் எது, பயனிலை எது, செயப்படுபொருள் எது என்று கோடிட்டுக் கொண்டிருக்கும். அருகே அமர்ந்த தாயோ தந்தையோ தாம் இளமையில் கற்ற தமிழ் இலக்கணத்தைத் துணைக்கு அழைப்பர். அப்போது குழந்தை கேட்கும்: “அம்மா, தமிழ் மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது?”

இக்கேள்விக்கு நம்மில் பலர் விடை சொல்வதில்லை. ஆங்கிலமே நேர், நம் மொழி அதன் மறுதலை என்று நாமும் பாதி நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கை சரியா என்பதை ஆங்கில வாக்கியத்தின் வரலாற்றையே கேட்டு அறிவோம்.

இடத்தின் ஆட்சி

“தி டாக் பிட் தி மேன்” என்றால் நாய் மனிதனைக் கடித்தது என்று பொருள். இரு பெயர்களையும் இடம் மாற்றி, “தி மேன் பிட் தி டாக்” என்று சொன்னால் கடித்தவன் மனிதனாகி விடுகிறான். சொற்கள் அவையே; இடம் மாறியதும் பொருள் மாறிற்று. வினைக்கு முன் நிற்பது எழுவாய், பின் நிற்பது செயப்படுபொருள் என்பதே இன்றைய ஆங்கில வாக்கியத்தின் அடிப்படைச் சட்டம்.

தமிழிலோ, “நாய் மனிதனைக் கடித்தது”, “மனிதனை நாய் கடித்தது” என எவ்வாறு சொன்னாலும் கடித்தது நாயே. ‘ஐ’ என்னும் ஓரெழுத்து உருபு பொருளைக் காத்து நிற்கிறது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு ஆகிய மூன்றை வேற்றுமைக்கே ஒதுக்கியதன் காரணம் இதனால் விளங்கும். தமிழ் உருபால் காப்பதை ஆங்கிலம் இடத்தால் காக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்

ஆனால் ஆங்கிலம் பிறந்த நாள் முதலாக இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறின. பெயருக்கு முன் நின்ற சுட்டும் உருவம் மாறிற்று. “ஸே ஹுண்ட் பாட் தோனெ மன்” என்பது நாய் மனிதனைக் கடித்தது என்பதன் பழைய வடிவம். இதில் ‘ஸே’ எழுவாயைக் காட்டும். ‘தோனெ’ செயப்படுபொருளைக் காட்டும். ஆகவே “தோனெ மன் பாட் ஸே ஹுண்ட்” என்று மாற்றிச் சொன்னாலும் கடித்தது நாய்தான். இந்த ஒரு வகையில் அந்நாளைய ஆங்கிலம் நம் தமிழுக்கு உறவு போலவே நடந்தது.

பின்னர் அந்த ஈறுகள் உதிர்ந்தன. சொல்லின் முதல் அசையை அழுத்தி ஒலித்தமையால் இறுதி அசைகள் மெலிந்தன. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரோடு கலந்து பேசியபோது, வேர்ச்சொற்கள் ஒத்திருக்க, ஈறுகளே இடையூறாயின. 1066 இல் நார்மானியர் நாட்டைக் கைப்பற்றிய பின் அரசவையில் பிரெஞ்சும் ஆவணங்களில் இலத்தீனும் அமர்ந்தன. ஆங்கிலத்தின் பழைய எழுத்து மரபைக் காப்பார் அருகினர். பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் 1154 வரையிலான நிகழ்ச்சிகளை எழுதிய ஆண்டுக் குறிப்பேட்டின் கடைசிப் பகுதிகளில் ஈறுகள் பெரிதும் மறைந்திருப்பதைக் காணலாம். இன்று ‘ஹீ–ஹிம்’, ‘ஷீ–ஹெர்’ போன்ற மாற்றுப்பெயர்களில் அம்மரபின் எச்சம் தங்கியுள்ளது.

புலி கொன்ற யானை

உருபு மறைந்தால் பொருள் தடுமாறும் என்பது நம் இலக்கணிகள் அறியாததன்று. “புலி கொன்ற யானை” என்னும் தொடரை நம் உரையாசிரியர்கள் காட்டுவர். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தடுமாறு தொழிற்பெயர் என்று தொல்காப்பியர் சுட்டிய இம்மயக்கம் தமிழில் ஒரு சில தொடர்களோடு நின்றது. ஆங்கிலத்திலோ மொழி முழுவதற்கும் அதே நிலை வந்துற்றது. அதற்கு அம்மொழி கண்ட மருந்தே இடம். முன்பும் பெருவழக்காயிருந்த ஒரு வரிசை மெல்ல மெல்லக் கட்டாயமாயிற்று. 1500 ஆம் ஆண்டளவில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் ஒழுங்கு பெரிதும் நிலைபெற்றது.

இடம் எவ்வளவு வலிமை பெற்றது என்பதற்கு, டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் காட்டிய சான்று சுவையானது. “அரசனுக்குப் பேரிக்காய்கள் பிடித்தன” என்று நாம் சொல்வது போலவே பழைய ஆங்கிலத்தாரும் சொன்னார்கள். அரசன் நான்காம் வேற்றுமையில் நிற்க, வினை பேரிக்காய்களுக்கேற்பப் பன்மை பெற்றது. ஈறுகள் உதிர்ந்ததும், முன்னால் நின்ற அரசனே எழுவாய் என்று பின்வந்தோர் கொண்டனர். அதனால் “தி கிங் லைக்ட் பேர்ஸ்” என்றாகி, அரசன் விரும்பினான் எனப் பொருள்பட்டது. நம் குழந்தை “எனக்குப் பிடிக்கும்” என்று எண்ணி, “ஐ லைக்” என்று எழுதத் தயங்கும் வேளையில், ஆங்கிலமே பல நூற்றாண்டுகளில் கடந்த தொலைவை ஒரு நொடியில் கடக்க வேண்டியிருக்கிறது. அத்தயக்கம் அறிவின் குறையன்று.

இலத்தீன் உடுப்பு

இவ்வாறு தன் போக்கில் வளர்ந்த வாக்கியத்தை ஆங்கிலேயரே நெடுங்காலம் தெளிவாகக் காணவில்லை. இலக்கணம் என்றால் இலத்தீன் இலக்கணமே என்று எண்ணிய காலம் அது. தம் மொழிக்கும் விதிகள் உண்டு என்று நிறுவ 1586 இல் வில்லியம் புல்லோக்கர் ஆங்கிலத்தின் முதல் அச்சு இலக்கணத்தை வெளியிட்டார். அதுவும் வில்லியம் லில்லியின் இலத்தீன் இலக்கணத்தை அடியொற்றியே அமைந்தது. கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1653 இல், தமக்கு முன்னோர் ஆங்கிலத்தை இலத்தீன் அச்சில் வார்த்துவிட்டனர் என்று குறை கூறினார். ஆனால் அவரும் அந்நூலை இலத்தீனிலேயே எழுதினார் என்பது காலத்தின் விந்தை. ராபர்ட் லவுத் 1762 இலும், லிண்ட்லி மர்ரி 1795 இலும் வெளியிட்ட இலக்கணங்கள் பள்ளிதோறும் பரவின. ஆயினும் மாணவர் செய்த பயிற்சி பெரும்பாலும் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து வகை சொல்வதே.

வாக்கியத்தை முழு உருவமாகக் காணும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தது. ஜெர்மன் அறிஞர் பெக்கரின் கருத்துகளைத் தழுவி, பள்ளி ஆய்வாளராயிருந்த மோரெல் 1852 இல் வாக்கியப் பகுப்பு நூலை வெளியிட்டார். அமெரிக்காவில் ரீடும் கெல்லாகும் 1877 இல் வாக்கியத்தைக் கோட்டுப் படமாக வரையக் கற்பித்தனர்: ஒரு கிடைக்கோடு; எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே அதை ஊடறுக்கும் நெடுங்கோடு; அடைகளுக்குக் கீழே சாய்கோடுகள்.

நம் நாட்டிற்கு வந்த கதை

1857 இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றிய பின் ஆங்கில இலக்கணம் தேர்வுப் பாடமாகி வாழ்க்கைப் பாடமும் ஆயிற்று. வட இந்தியாவில் கல்விப் பணியாற்றிய நெஸ்ஃபீல்டின் நூலும், பின்னர் 1930-களில் ரென், மார்ட்டின் இருவர் எழுதிய நூலும் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் இருந்தன. தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்று பகுத்துப் பகுத்தே நம் பாட்டனாரும் தந்தையரும் தேர்வு எழுதினர். அந்த ஆங்கிலமே அவர்களுள் பலரைத் தொலைநகரங்களுக்கு அழைத்து வந்தது.

அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஃபிரீஸ் 1952 இல், பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களைக் கொண்டு, சொற்கள் நிற்கும் இடத்தாலேயே அவற்றின் வகையை வரையறுத்தார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி 1954 இல் வினைகளுக்கு 25 வாக்கிய அமைப்புகளை வகுத்தார். அந்நாளில் சென்னை மாநிலப் பள்ளிகளிலும் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பயிற்றும் பாடத்திட்டம் வந்தது; 1958 இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் அமைந்தது. இலத்தீன் உடுப்பைக் கழற்றி, இடமே ஆங்கிலத்தின் உயிர் என்று வகுப்பறையில் காட்டுவதற்கு இத்தனை காலம் ஆயிற்று.

நாம் சொல்லும் விடை

ஆகவே குழந்தையின் கேள்விக்கு விடை இதுவே: எம்மொழியும் தலைகீழன்று. வினையை இறுதியில் வைப்பதும் தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. நம்மைச் சூழ ஒலிக்கும் இந்தியும் மராத்தியும் வங்காளமும் அவ்வாறே வைக்கின்றன. ஆங்கிலம் கற்பிக்கும்போது முதலில் தமிழ் வாக்கியத்தில் உருபுகளைக் கோடிடச் செய்வோம். பின்பு, ‘இந்த உருபின் வேலையை ஆங்கிலத்தில் எந்த இடம் செய்கிறது?’ என்று கேட்போம். தமிழறிவு ஆங்கிலத்திற்குத் தடையாகாமல் படியாகும்.

இன்னொன்றும் நெஞ்சில் கொள்ளத்தக்கது. வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளின் பேச்சில் உருபுகள் நழுவுவதை நாம் கேட்கிறோம். “அண்ணன் தம்பி அடித்தான்” என்று குழந்தை சொன்னால் அடித்தவன் யார்? ஆங்கிலம் ஈறுகளை இழந்தபோது, பல நூற்றாண்டுகள் உழைத்து இடத்தை அரணாக்கிக் கொண்டது. தமிழுக்கு அவ்வரண் இல்லை. உருபே அதன் அரண். “அண்ணன் தம்பியை அடித்தான்” என்று அன்போடு திருத்திச் சொல்லும் தாய், இரண்டாயிரம் ஆண்டு மரபின் ஒரு செங்கல்லைத் தன் வீட்டில் காக்கிறாள். ஆங்கிலத்தை அதன் இடமறிந்து கற்போம். தமிழை அதன் உருபோடு காப்போம்.