ஏட்டில் இல்லாத பெயர்

1924ஆம் ஆண்டு இத்தாலியின் மிதிவண்டிச் சுற்றுப்போட்டியான ஜீரோ தி இத்தாலியாவிலிருந்து, ஊதியப் பிணக்கினால் பெரிய அணிகள் விலகிக்கொண்டன. ஆளின்றித் தவித்த அமைப்பாளர்கள் தனியாய் வந்தோருக்கும் இடமளித்தனர். அவ்வாறு 72ஆம் எண்ணுடன் புறப்பட்டவர் அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா. வயது 33, ஏழை உழவர் குடும்பத்துப் பெண். 1917, 1918ஆம் ஆண்டுகளில் லொம்பார்தியா பந்தயத்தில் ஆண்களோடு ஓட்டியவர். அவர் பெயர் இறுதி எழுத்து நீங்கி, ஆண்பெயர் போல 'அல்ஃபோன்சின்' என்று பட்டியலில் ஏறியிருந்தது.

மொத்தம் 12 கட்டங்கள், 3613 கிலோமீட்டர். லாக்விலாவிலிருந்து பெருஜியா செல்லும் எட்டாம் கட்டத்தில், மழையிலும் காற்றிலும் விழுந்தெழுந்தார்; கைப்பிடி ஒடிந்தது. துடைப்பக் கம்பைச் செருகிக்கொண்டு ஓட்டினார் என்பர். காலக்கெடு கடந்தது, விதிப்படி நீக்கப்பட்டார். ஆயினும் அவரைக் காணவே மக்கள் திரண்டதால் தொடர்ந்து ஓட்ட இசைந்தனர், கணக்கில் சேராதவராக.

புறப்பட்ட 90 பேரில் முடித்தவர்களென ஏட்டில் நிற்போர் 30 பேர். அவர்களோடு அல்ஃபோன்சினாவும் மிலான் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு பெரிய அணிகள் திரும்பின. அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. கூட்டம் சேர்க்க வேண்டியிருந்தவரை அவர் வீராங்கனை. பின்னர் வெறும் பெண். 1959இல் மறைந்தார். பெண்களுக்கென இத்தாலியச் சுற்றுப்போட்டி தொடங்கியது 1988இல்தான்.