ராஜேந்திர சோழன் ருசிக்காத காரம்

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். கங்கைகொண்ட சோழபுரத்தில் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், ராஜேந்திர சோழன் மதியம் சாப்பிட்ட குழம்பில் எத்தனை மிளகாய் போட்டிருப்பார்கள்?

விடை: ஒன்றுகூட இல்லை!

ராஜேந்திரன் ஆண்டது 1014 முதல் 1044 வரை. அப்போது மிளகாய் இந்தியாவிலேயே கிடையாது. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எங்கேயும் கிடையாது. 1025-ல் கடல் கடந்து கடாரம் வரை போய் வந்த சோழப் படைவீரர்களில் ஒருவர்கூட மிளகாயைக் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சோழர் வரலாறு படித்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை. கல்லூரி விடுதியில் ஒருநாள் காரமே இல்லாத சாம்பாரைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

அப்படியானால் நம் முன்னோர் காரத்துக்கு என்ன செய்தார்கள்? மிளகு இருந்தது, திப்பிலி இருந்தது, சுக்கு இருந்தது. சங்க நூல்களில் மிளகுக்குப் பெயர் 'கறி'. முசிறித் துறைமுகத்தில் யவனர்கள் பொன்னைக் கொடுத்து வாங்கிப் போனது இந்தக் கறியைத்தான். இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய் சேர்க்க மாட்டார்கள், மிளகுதான். காஞ்சிபுரம் இட்லியிலும் மிளகுதான். பழைய சமையல் இப்படி அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, மிளகாய் எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கண்டத்தில் 6,000 ஆண்டுகளுக்கும் மேலாக மிளகாயைச் சமையலில் சேர்த்து வருகிறார்கள். மனிதனுக்கு முன்னால் அதை விதைத்தவை பறவைகள். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது; விதையும் அவற்றின் வயிற்றில் சேதமாகாமல் வெளியே வந்துவிடும். எலி போன்ற பிராணிகளோ விதையை மென்று கெடுத்துவிடும், அவற்றை விரட்டத்தான் காரம். 2001-ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துக் காட்டியது.

மிளகைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ் தவறுதலாகப் போய்ச் சேர்ந்த இடத்தில் மிளகாயைக் கண்டார். அங்குள்ளவர்களின் மிளகு இது, நம் மிளகைவிட உசத்தி என்ற பொருளில் 1493 ஜனவரியில் தன் குறிப்பேட்டில் எழுதினார். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார், 1510-ல் போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அந்த நூற்றாண்டில் அவர்களுடைய கப்பல்களில்தான் மிளகாய் இந்தியா வந்து இறங்கியது.

இந்த வரலாற்றை நம் மொழியும் எழுதி வைத்திருக்கிறது. மிளகு + காய் = மிளகாய். 'மிளகு போல உறைக்கிற காய்' என்று யாரோ ஒருவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இந்தியிலும் 'மிர்ச்' என்பது முதலில் மிளகின் பெயர்தான். ஸ்பானிஷ்காரர்களும் மிளகின் பெயரைத்தான் கொஞ்சம் மாற்றி வைத்தார்கள். புதிதாக வந்த விருந்தாளிக்குத் தெரிந்தவர் பெயரையே வைப்பது உலக வழக்கம் போலிருக்கிறது!

எங்கள் பக்கத்துக்கு வருவோம். நான் பெரம்பலூர்க்காரன். எங்கள் ஊரில் மக்காச்சோளம், அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி, எல்லா இடத்திலும் நிலக்கடலை. மூன்றுமே மிளகாயைப் போல அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பழைய ஆள் என்று சொல்ல வேண்டுமானால் செட்டிகுளம் சின்ன வெங்காயத்தைத்தான் சொல்ல வேண்டும்.

மிளகாய் இங்கே ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது? காரணம் எளிது. மிளகுக்கொடிக்கு மலையும் நிழலும் வேண்டும், நல்ல மழையும் வேண்டும். எங்கள் மானாவாரிக் கரிசல் காட்டில் அது எங்கே வளரும்? ஆகவே மிளகு எப்போதும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். மிளகாய் அப்படியல்ல. குப்பைமேட்டுப் பக்கம் நான்கு விதை விழுந்தாலும் மூன்று மாதத்தில் காய்த்துவிடும். ஏழை வீட்டுக் கூழுக்கும் கஞ்சிக்கும் காசில்லாமல் காரம் கிடைத்தது அப்போதிலிருந்துதான். எந்த ராஜாவும் உத்தரவு போடவில்லை. கொல்லைப்புறம் வழியாகவே மிளகாய் நாட்டைப் பிடித்துவிட்டது.

அந்தக் கொல்லைப்புற வரலாற்றை எனக்குக் காட்டியவர் என் அப்பாயி. காய்ப்பில் முதல் பறிப்பிலும் கடைசிப் பறிப்பிலும் விதை எடுக்க மாட்டார். நடுப்பறிப்பில், நோயில்லாத செடியாகப் பார்த்து, நன்றாகச் சிவந்த பழத்தைப் பறித்து நிழலில் காய வைப்பார். விதையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டு வாயை அடைப்பார். ஆடிப்பட்டத்தில் பாத்தி கட்டித் தூவினால் பத்து நாளுக்குள் முளைப்பு தெரியும். நாற்பது நாள் கழித்துப் பிடுங்கி நடுவார். "இலை சுருண்ட செடியில வெத எடுக்காதப்பா, அது புள்ளைக்கும் வரும்" என்பார். அறிவியல் அதை எப்படிச் சொன்னாலும், நல்ல செடியைத் தேர்ந்தெடுக்கும் அவருடைய வழி சரியான வழிதான்.

அப்பாயி இறந்த பிறகு குடுக்கை பரணில் கிடந்தது. நான் விடுதிக்குப் போய்விட்டேன். வீட்டில் கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையைப் போட்டார்கள். நன்றாகத்தான் காய்த்தது. ஆனால் அதிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் அடுத்த முறை செடிகள் ஒன்றுபோல வரவில்லை. ஒட்டு ரகத்தின் குணமே அதுதான். ஐந்து வருடம் கழித்து விடுமுறையில் குடுக்கையைத் திறந்து விதை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. சாதாரணமாக வைத்த மிளகாய் விதை இரண்டு மூன்று வருடத்திலேயே முளைப்புத் திறனை வெகுவாக இழந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் கதை முடியவில்லை. செந்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, கல்யாணமான புதிதில் அப்பாயியிடம் ஒரு பிடி விதை வாங்கிப் போயிருக்கிறார். வருடம் தவறாமல் போட்டும் வந்திருக்கிறார். நடுவில் 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் உருவாகி, 2001-ல் அரியலூர் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007-ல் மறுபடியும் பிரிந்தது. விதைக்கு அதெல்லாம் தெரியாது! "எங்கம்மா குடுத்ததுடா, எடுத்துட்டுப் போ" என்று அத்தை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்.

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. 'நாட்டு மிளகாய்' என்று நாம் பெருமையாகச் சொல்வது ஏறத்தாழ ஐந்நூறு வருடத்துக்கு முன் வந்த வெளிநாட்டுச் சரக்கு. பார்க்கப் போனால், திருஷ்டிக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதும் அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்க வேண்டும். அதை நாட்டு மிளகாய் ஆக்கியது மண் மட்டுமல்ல. வருடா வருடம் நல்ல பழமாகப் பார்த்து எடுத்து வைத்த கைகளும், அடுத்த வீட்டுக்குக் கொடுத்த கைகளும்தான். பெயர் தெரியாத அந்தப் பெண்களைப் பற்றி ஒரு கல்வெட்டும் இல்லை. பூட்டி வைத்த விதை செத்துப்போனது. கொடுத்த விதை பிழைத்துக்கொண்டது.

இப்போது எங்கள் கொல்லையில் பதினோரு செடி நிற்கிறது. நடுப்பறிப்பு வரட்டும் என்று காத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பாட்டியோ அத்தையோ வைத்திருக்கும் விதை இருந்தால் இந்த வருடமே கொஞ்சம் போட்டுவிடுங்கள். மிச்சத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.