முதுமையில் ஒரு முடிவு: சிறுநீரகக் கட்டியும் மனச்சான்றும்

ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபோது வேலை நாடி இளைஞர்களாய் வந்தோர் பலர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வெல்லைப்புறத்தில் அவர்கள் வேரூன்றினர், வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டம் உருவானபோது அவர்கள் நடுவயதினர். இன்றோ எழுபதை எட்டியவர்கள். அதைக் கடந்தோரும் உளர். அத்தலைமுறையின் இல்லங்களில், அவர்தம் பெற்றோர் அறிந்திராத கேள்வியொன்று இப்போது எழுகிறது. வேறேதோ உபாதைக்காக எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிகிறது. புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். இந்த வயதில் அறுவை சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா?

செல்வதற்கு இடமில்லை என்ற நிலை இன்று இல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே 1973-இல் தொடங்கப்பெற்ற கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. இந்திய ஆயர் பேரவை 1963-இல் நிறுவிய புனித யோவான் மருத்துவக் கல்லூரி கோரமங்கலத்தில் இயங்குகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கே சென்றால் வேலூர். 2022 முதல் கிருஷ்ணகிரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. ஆகவே எங்கே போவது என்பதைவிட, எதைத் தேர்வது என்பதே கடினமான வினாவாகிவிட்டது. இவ்வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது முடிவெடுப்போருக்குத் துணையாகும்.

கத்தி கடந்த பாதை

ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டாலும் மனிதர் வாழக்கூடும் என்பதை நிறுவியவர் ஜெர்மானிய மருத்துவர் குஸ்தாவ் சைமன். நாய்களிடம் சோதித்துத் தெளிந்த பின்னரே, 1869 ஆகஸ்டு 2 அன்று ஹைடல்பர்க் நகரில் ஒரு பெண்ணுக்கு அவர் இந்த அறுவையைச் செய்தார். அப்பெண் பிழைத்தார், அவருக்கு இருந்ததோ புற்றுநோய் அன்று, சிறுநீர்க் குழாயில் ஏற்பட்ட புண்வழி. 1963-இல் கனடா மருத்துவர் ராப்சன், கட்டியுள்ள சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்போடும் உறையோடும் முழுமையாக அகற்றும் முறையை வகுத்துரைத்தார். பல ஆண்டுகள் அதுவே மருத்துவ உலகின் நெறியாயிற்று.

அடுத்த மாற்றம் கத்தியால் வரவில்லை, படத்தால் வந்தது. 1971-இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டின் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. அதற்கு முன்னர், சிறுநீரில் இரத்தம் வந்து, வலி கண்டு, கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பின்னரே நோய் வெளிப்படும். ஸ்கேன் பரவியபின், எந்தத் தொல்லையும் தராத சிறு கட்டிகள் தற்செயலாகத் தென்படலாயின.

1990 ஜூனில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் ரால்ப் கிளேமன் வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், சிறு துளைகளின் வழியே முதன்முறையாகச் சிறுநீரகத்தை அகற்றினார். நோயாளி 85 வயது மூதாட்டி. கட்டி 3 செ.மீ. அறுவை ஏறக்குறைய 7 மணி நேரம் நீடித்தது, மூதாட்டியும் தேறினார். ஆனால் அகற்றிய கட்டியை ஆய்ந்தபோது, அது ஆன்கோசைட்டோமா எனப்படும் தீங்கற்ற கட்டி என்று தெரிந்தது. மருத்துவத்தின் பெருஞ்சாதனையாகவே அது இன்றும் போற்றப்படுகிறது. எனினும், செய்ய இயல்வதும் செய்யத் தேவையானதும் எப்போதும் ஒன்றல்ல என்பதையும் அந்நிகழ்வு நமக்குச் சொல்கிறது.

காத்திருத்தலும் சிகிச்சையே

நான்கு செ.மீ.-க்கு உட்பட்ட சிறுநீரகக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீங்கற்றது. புற்றுநோயாக இருப்பவற்றிலும் பல, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. எனவே இதய நோய், நீரிழிவு முதலியவற்றால் தளர்ந்த முதியவருக்கு, குறித்த இடைவெளிகளில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து வருவதை மருத்துவர்கள் இன்று முறையான ஒரு வழியாகவே ஏற்கின்றனர். ஊசி வழியே கட்டியைக் குளிரூட்டியோ வெப்பமூட்டியோ அழிக்கும் முறையும், கட்டியை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காக்கும் அறுவையும் உள்ளன. நீரிழிவால் ஏற்கெனவே நலிந்த உடலில் ஒரு சிறுநீரகத்தை முழுவதும் இழந்தால், மற்றொன்று அச்சுமையைத் தாங்குமா என்று கேட்டறிய வேண்டும்.

இதனால் முதியவருக்குச் சிகிச்சையே வேண்டாம் என்று கொள்வது பெருந்தவறு. பெரிய கட்டியும், இரத்தப்போக்கும், விரைந்த வளர்ச்சியும் வேறு கதை. சிறுநீரில் இரத்தம் கண்டும், "உடல் சூடு" என்று மோர் கொடுத்து நாள் கடத்துவது ஆபத்து. திடமாயிருக்கும் 75 வயதினர் அறுவைக்குப்பின் நலமாய் நடமாடுவதும் உண்டு. பிறந்த ஆண்டு மட்டும் இதில் தீர்ப்புச் சொல்ல இயலாது. உடலின் வலிமையும் கட்டியின் இயல்பும் சேர்ந்தே சொல்ல வேண்டும்.

திருச்சபை கேட்ட கேள்வி

மயக்க மருந்து இல்லாத 16-ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர்கள் இதைச் சிந்தித்தனர். உயிரைப் பேணுவது கடமை. ஆனால் அதற்காக ஒருவர் தம் உடைமை முழுவதையும் செலவிடக் கடமைப்பட்டவரல்லர் என்றார் ஸ்பெயின் நாட்டு தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா. நிலத்தை விற்றுப் பெங்களூருக்கு ஓடும் நம் குடும்பங்கள் இதைக் கேட்டிருந்தால் சற்று ஆறுதல் பெற்றிருக்கும். கடமையான சாதாரண வழிகள், கடமையல்லாத அசாதாரண வழிகள் என்ற பாகுபாடு இச்சிந்தனையிலிருந்தே வளர்ந்தது.

திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1957 நவம்பர் 24 அன்று மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசியபோது, ஆள், இடம், காலம் ஆகியவற்றின் சூழலை எடைபோட்டே சாதாரண வழி எதுவென முடிவு செய்ய வேண்டும் என்றார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, பயனுக்கு மிஞ்சிய சுமை தரும் சிகிச்சையை நிறுத்துவது நேரிய செயலாகலாம் என்கிறது. இது கருணைக்கொலை அன்று. அதைத் திருச்சபை என்றும் ஏற்றதில்லை. தெளிந்த மனமுடைய நோயாளியானால் முடிவு அவருடையதே என்றும் அதே ஏடு கற்பிக்கிறது.

நம் வழக்கங்களில் தடையாய் நிற்பது இந்த இறுதிக் கருத்துக்கே. "அப்பாவிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்" என்று மருத்துவரின் அறைவாசலிலேயே பிள்ளைகள் வேண்டிக்கொள்கின்றனர். அன்பினால் சொல்வதுதான். ஆயினும் வாழ்நாள் முழுதும் குடும்பத்தின் பெருமுடிவுகளை எடுத்தவர், தம் உடலைப் பற்றிய முடிவில் மட்டும் அயலாராக்கப்படுகிறார். ஒருவருக்குப் பேரனின் திருமணத்தைக் காணும் வரையேனும் வாழ வேண்டும் என்ற ஆசை இருக்கலாம். அவர் கத்தியை ஏற்பார். மற்றொருவர் மருத்துவமனைக் கட்டிலைவிடத் தம் வீட்டுத் திண்ணையை விரும்பலாம். கேட்டாலன்றி இதை நாம் எப்படி அறிவோம்?

முன்னாளில் "அவஸ்தைபூசுதல்" என்ற அருட்சாதனத்தின் பெயரைக் கேட்டாலே வீடு அஞ்சும். குருவானவர் வந்தால் முடிவு நெருங்கிற்று என்று பொருள். 1972-இல் திருத்தந்தை 6-ஆம் பவுல் இச்சடங்கைப் புதுப்பித்தபின் அது நோயில்பூசுதலாயிற்று. கடும் நோய்க்கான அறுவைக்கு முன்னரும், முதுமையால் தளர்ந்த நிலையிலும் அதைப் பெறலாம். அந்த வேளையையே மனம்விட்டுப் பேசும் வேளையாகவும் நம் குடும்பங்கள் ஆக்கிக்கொள்ளலாம். கட்டி எவ்வளவு பெரிது, காத்திருந்தால் என்ன நேரும், அறுவைக்குப்பின் எழுந்து நடமாட எத்தனை நாளாகும், மற்றச் சிறுநீரகம் எந்நிலையில் உள்ளது என்று மருத்துவரைக் கேட்போம். பிறகு முதியவர் அருகே அமர்ந்து, "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்போம்.